எந்த விடு?

1

இந்தக் கதை ஒரு லிஃப்ட் வாசலில் கிடைத்தது. எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் லிஃப்ட் கதவைக் கையால் மறித்துக்கொண்டு நின்றார். இரண்டு கையிலும் பையோடு ஓர் அம்மாள் ஓடி வந்தார். "விடுங்க, விடுங்க" என்றார். எதிர்வீட்டுக்காரர் தங்கமான மனிதர். சொன்னபடியே கையை எடுத்துவிட்டார். கதவு அந்த அம்மாளின் மூக்குக்கு நேரே மூடிக்கொண்டது. 'உள்ளே விடுங்க' என்பதில் முதல் சொல் மூச்சிரைப்பில் எங்கோ விழுந்துவிட்டது, பாவம்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன். மேசையில் செய்தித்தாள். ஆள் ஓட்டும் போர் விமானத்துக்குத் துணையாக, ஆளே இல்லாமல் கூடப் பறந்து சண்டை போடும் விமானங்களைச் செய்துகொண்டிருக்கிறார்களாம். அந்த விமானி வாயால் சொன்னால் இவை செய்யும் என்று நானாக ஒன்றைச் சேர்த்து நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீல வானத்தில் மூன்று இரும்புப் பறவைகள்…"

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் வானமே கிடையாது. ஜன்னல் இல்லாத அறையில் நடக்கிற கதை.

அடுத்து: "போர் என்பது மனித குலத்தின்…"

இதையும் அடித்தேன். உபதேசம் செய்வதற்கு என் நாக்கு எப்போதும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கும்.

மூன்றாவதுதான் நின்றது: "அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர்."

அதற்குக் காரணம் இரண்டு. ஆளில்லா விமானத்துக்குப் பேச்சைப் புரியவைக்கும் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். எந்தச் சொல்லுக்கு அது என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள். இன்னொன்று, யார் எதைச் சொன்னாலும் "அப்படின்னா?" என்று திருப்பிக் கேட்பாள். "சரியான அகராதி பிடிச்சவ" என்று ஒருநாள் யாரோ சொன்னது ஒட்டிக்கொண்டது.

கட்டளைகள் தாய்மொழியிலேயே இருக்கட்டும் என்று சொன்னவளும் அவள்தான். உயிர் போகிற அவசரத்தில் எவனும் படித்த மொழியில் கத்த மாட்டான் என்பது அவள் வாதம். நல்ல வாதம்தான். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

3

அந்த அறையில் இருப்பது ஒரு சிமுலேட்டர், தரையில் இருந்தபடியே பறந்து பார்க்கும் இயந்திரம். விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து வைத்தது போல ஒரு கூடு. சுற்றிலும் திரை. கூட்டுக்குள் உட்கார்ந்திருந்த சோதனை விமானி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அதனால் திரையில் அவனோடு கூடப் பறக்கும் ஆளில்லா விமானத்தை எல்லோரும் 'தம்பி' என்றார்கள்.

(இங்கே அண்ணன் அவளுக்குச் சைக்கிள் பழக்கிய காட்சி ஒன்றை எழுதி, அடித்துவிட்டேன். அது வாசகரை அழவைக்கும் குறுக்கு வழி.)

அன்று காலை திரையில் ஒரு மண்சாலை. அதில் ஒரு லாரி. அதுதான் இலக்கு. தம்பி அதைக் குறிபார்த்துக் காத்திருந்தான். அப்போது லாரி நின்றது. கதவு திறந்து ஓர் ஆள் இறங்கினான். கணினி வரைந்த ஆள்தான், முகம் கூடக் கிடையாது. டயரைக் குனிந்து பார்த்தான்.

அண்ணனின் குரல் அவள் காதில் கேட்டது. "விடு…" கொஞ்சம் இடைவெளி. "விடு."

தம்பி குண்டை விட்டான். திரை வெளுத்தது.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கேட்டான். "யாரு விட்டது?"

4

* என் அக்காவிடம் இதுவரை படித்துக் காட்டினேன். "நீ கதை விடுவேன்னு தெரியும். இப்ப ஏரோப்ளேனும் விட ஆரம்பிச்சுட்டியா?" என்றாள்.

அக்கா கிண்டலுக்குச் சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. மூச்சு விடுகிறோம், பட்டம் விடுகிறோம், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறோம். அம்பை விடு என்றால் கொல். ஆளை விடு என்றால் கொல்லாதே. எல்லாம் ஒரே சொல். முடியாதபோது கடவுளே, உன் கையில் விட்டேன் என்கிறோமே, அதுவும் இதே சொல்தான்.

5

அவர்களுடைய மேலாளரைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

அவருக்கு 'ரெண்டு செகண்ட்' என்று பெயர். யார் கூப்பிட்டாலும் "ரெண்டு செகண்ட் இருங்க" என்பார். அரை மணி ஆகும். அவர் அகராதியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"சொன்னது விடு. கேட்டது விடு. செஞ்சதும் விடு. மிஷின் மேல தப்பே இல்லம்மா. அப்ப தப்பு யார் மேல?"

"அவர் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம் சார்."

"சொல்லியிருக்கலாமா, சொன்னாரா? வேண்டாம்னு நினைச்சு விடுன்னு சொன்னார்னா விமானியோட தவறுன்னு போகும். தப்பான சொல்லைச் சொன்னவரை மறுபடி உட்கார வைக்க மாட்டாங்க. மேஜை வேலைதான். சாயங்காலத்துக்குள்ள எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

சொல்லிவிட்டு, அவளுக்கு ஜலதோஷம் என்பதைக் கவனித்து ஏ.சி.யை நிறுத்தினார். அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டும். இருந்தும் நிறுத்தினார். இதை எழுதிய பிறகு அவரை எப்படிக் கெட்டவராக்குவது?

6

கேன்டீனில் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீ எந்த விடு சொன்ன?"

"எத்தனை விடு இருக்கு?"

"போடுங்கிற விடு. போகட்டுங்கிற விடு."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "முதல்ல சொன்னது போடு. ரெண்டாவது வேண்டாம். இல்ல, மாத்திச் சொல்றேனோ? தெரியலடி."

"தெரியலைன்னா?"

"ஆரம்பிச்சுட்டா அகராதி. தெரியலைன்னா தெரியல. அந்த ஆள் குனிஞ்சப்ப வாய் தானா சொல்லுச்சு. சொன்னப்புறம்தான் நான் என்ன நினைக்கிறேன்னு யோசிச்சிருப்பேன். அதுக்குள்ள உன் தம்பி முடிச்சுட்டான்."

"என் தம்பியா?"

"பின்ன? பேச்சு சொல்லிக் கொடுத்தது நீதானே?"

'ஏவு' என்று வேறு சொல்லை வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றுதான் அவள் காலையிலிருந்து நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கதையும் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சொன்னவனுக்கே தெரியாததை எந்தச் சொல்லால் சரிசெய்வது?

7

அவள் ரெண்டு செகண்டிடம் போனாள்.

"சார், கட்டளை வந்ததும் தம்பி ஒரு தடவை திருப்பிக் கேக்கட்டும். எதைன்னு."

"கேட்டா?"

"அவர் யோசிப்பார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் தயங்கினாள். "ரெண்டு செகண்ட்."

அவர் சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு செகண்ட்ல எதிரியோட ஏவுகணை உங்க அண்ணன் மடியில வந்து உக்காரும்."

"நீங்க ஊர்ல எல்லாரையும் ரெண்டு செகண்ட் இருங்கன்னு சொல்றீங்க. தம்பிக்கு மட்டும் கிடையாதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற யாரு கேட்டிருந்தாலும் விரட்டியிருப்பேன். விமானி உங்க அண்ணன்னு தெரிஞ்சே கேக்குறீங்க பாருங்க. அது எனக்குப் புரியல."

"எனக்கும் புரியல சார்."

எனக்கும்தான். டயரைக் குனிந்து பார்த்தவனுக்கு முகம் கூட வரையவில்லை. அவனுக்காக அவள் அண்ணனின் இரண்டு நொடியைப் பிடுங்கிக் கொடுக்கிறாள். இது கருணையா, துரோகமா? சின்னச் சின்ன நல்லதுதான் உலகத்தைத் தாங்குகிறது என்று இத்தனை காலமாக எழுதி வருகிறவன் நான். ஒரு கேள்வி கேட்பதைவிடச் சின்ன நல்லது என்ன இருக்கிறது? அதற்கு இவ்வளவு பெரிய விலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாம்" என்றார் ரெண்டு செகண்ட். "அப்புறம் அந்தக் கேள்வி இருக்கணுமா வேண்டாமான்னு நீங்க சொல்றதுதான்."

8

முடிவு ஒன்று. தம்பி "எதை?" என்று கேட்கிறான். அண்ணன் "அவனை விடு, பாவம்" என்கிறான். லாரிக்காரன் டயரைத் தட்டிவிட்டு ஏறிப் போகிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

(எழுதும்போது கண் கலங்கியது. மறுநாள் படித்தால் லட்டு மாதிரி இருக்கிறது. கதை அப்படி இனிக்கக் கூடாது.)

முடிவு இரண்டு. தம்பி "எதை?" என்று கேட்கிறான். அண்ணன் யோசிக்கிறான். மலைக்குப் பின்னாலிருந்து ஏவுகணை வருகிறது. திரை முழுக்கச் சிவப்பு. அண்ணன் கூட்டிலிருந்து இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "செத்துட்டேன். வாங்க, டீ குடிக்கலாம்" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், அகராதியைத் தவிர.

(இதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் என் தொல்லை.)

முடிவு மூன்று. அவள் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, விமானியின் தவறு என்று சொல்லி, அண்ணனை மேஜை வேலைக்கு அனுப்பிக் காப்பாற்றுகிறாள். வேறொருவரின் அண்ணன் அந்தக் கூட்டில் வந்து உட்கார…

9

இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

அண்ணன் கூட்டுக்குள் ஏறினான். ஏறும் முன் திரும்பி, "ஏய் அகராதி, உன் தம்பி எந்தக் குரல்ல கேப்பான்?" என்றான்.

"என் குரல்தான். அவசரத்துக்கு வேற கிடைக்கல."

"சரி. அப்ப நின்னு பதில் சொல்லித்தான் ஆகணும்."

ரெண்டு செகண்ட், கூப்பிட்டவர்கள் யாரையும் காத்திருக்கச் சொல்லாமல், கதவருகே கைகட்டி நின்றார். மண்சாலை வந்தது. லாரி வந்தது, நின்றது. ஆள் இறங்கிக் குனிந்தான்.

"விடு" என்றான் அண்ணன்.

"எதை?" என்றது தங்கையின் குரல்.

10

* இந்த இடத்தில் அக்கா காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இதுக்கா இவ்வளவு நேரம் உக்கார்ந்திருந்தேன்? சரி, விடு" என்றாள்.

படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். விடு என்று நீங்களும் சொல்லலாம். சொன்னால் செய்துவிடுவேன். என் விரல் அடுத்த வரியின்மேல்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எதை?

அவசரமில்லை. அந்தக் கூட்டுக்குள் இருப்பவனுக்கு இல்லாத நேரம் உங்களுக்கு இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள்.