திறந்தபடி கிடந்த இரண்டு கோப்புகள்

அன்று கொல்லிமலை வளப்பூர் நாட்டுக் கணினி மையத்தில் இருந்தவர்கள்: மையத்தை நடத்தும் மேகலா அக்கா, பட்டா நகலுக்கு வந்த மாதன், ரேஷன் கார்டில் பேரைத் திருத்த வந்த சின்னாயி, எதற்கும் வராமல் உட்கார்ந்திருந்த அருள்ராஜ், நான்.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். சேலத்தில் பார்த்த இரவு வேலையையும் விட்டேன். மிச்சம் ஒரே வாய்ப்பு. கணினிக்கு இயங்குதளம் எழுதும் நிறுவனம் ஒன்று சோதனை வேலை கொடுத்திருந்தது: திரையில் கிடப்பவற்றில் எது பயன்படுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று கவனிக்கும் நிரல். மாலைக்குள் சரியாக ஓடினால் வேலை நிச்சயம். என் லேப்டாப்பில் என் கை மட்டும்தான் படும். பல பேர் கை படும் கணினி தேடிக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி வந்தேன். அக்கா மையத்தில் இருந்த ஒரே கணினியைக் கொடுத்தார்.

நிரல் தப்பாகச் சொன்னது. மாதனின் கோப்பு காலையிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறதாம். மாதனோ வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்க ஃபைலை யாருங்க தொறந்து வெச்சது?" என்று கேட்டேன்.

"நாந்தான் சாமி, தொறக்கச் சொன்னேன். பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்க மாட்டீங்களா? அப்படித்தான். தொறந்து கெடந்தா அடுத்தது என் முறை. சின்னாயியும் போட்டிருக்குது."

"மூடிட்டா?"

"இவன் வந்து உக்காந்துக்குவான்."

"எனக்கென்னங்க வேலை? ஃபேன் காத்துக்கு வந்தேன்," என்றான் அருள்ராஜ்.

"கொல்லிமலையில ஃபேன் காத்துக்கு வந்த மொத ஆளு நீதான் கண்ணு," என்றார் சின்னாயி.

திறந்திருப்பதையே பயன்பாடு என்று எண்ணியிருந்தேன். கை படாமல் திறந்து கிடப்பது தனி வகை. நிரலைத் திருத்தினேன். ஆனால் ஓட்டிப் பார்க்க, அந்த இரண்டு கோப்பும் ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் கிடக்க வேண்டும். அதற்குள் மனு ஏற்கும் நேரம் முடிந்துவிடும்; அவர்கள் வேலை அன்று நடக்காது. தயங்கிச் சொன்னேன்.

"தொடாம இருக்கணும், அவ்வளவுதானா? அது எனக்கு நல்லா வரும்," என்றார் மாதன். "பட்டா எங்க ஓடிரப் போகுது?"

"எம் பேரு அஞ்சு வருசமாத் தப்பாத்தான் இருக்குது. நாளைக்கும் இருக்கும்," என்றார் சின்னாயி.

நன்றி சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. இன்று எனக்குச் சம்பளம் வருகிறது என்றால் அது இவர்கள் விட்டுக்கொடுத்த ஒரு பகல். என் திறமை அதற்கப்புறம்தான்.

"எல்லாரும் வெளிய நடங்க. உள்ள இருந்தா எவனாவது மவுஸைத் தொடுவான்," என்று அக்கா எங்களை விரட்டினார். கடைசியாக நான் இறங்கியதும், எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.