கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்

இணையத்தில் எனக்கு ஒரு பக்கம் இருக்கிறது. வெப்சைட் கட்டுகிறவர்கள் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளச் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் கோட் துண்டுகளை அதில் போடுவேன். ஒவ்வொரு துண்டுக்கும் கீழே என் கருத்து நாலு வரி. கோட் துண்டுக்காக வருகிறவர்களைவிடக் கருத்துக்காக வருகிறவர்கள் அதிகம். யாரையும் தடவிக் கொடுத்து எழுத எனக்கு வராது. ஒரு பொத்தானை வைப்பதற்கு மற்றவர்கள் எழுதிவைத்த லைப்ரரி என்ற கோட் மூட்டைகளை எல்லாம் இறக்குகிறவனை முட்டாள் என்றுதான் எழுதுவேன். வாசகர்கள் எனக்கு வைத்த பெயர் மிளகாய். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

என் மச்சினி வேலை கற்றுக்கொண்டது அந்தப் பக்கத்தைப் படித்துத்தான். மனைவிக்கு ஒரே தங்கை. முப்பத்தெட்டு வயதில் புருஷன் கைவிட்டுப் போனபின், மகளைத் தூங்கவைத்துவிட்டு ஒவ்வொரு துண்டாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். என்னிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை. கேட்டால் கடித்துவைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் கம்பெனியிலேயே தேர்வு எழுதி, என் சிபாரிசு ஒரு சொல்கூட இல்லாமல் உள்ளே வந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள். அது கிடைத்தால் தனி வீடு பார்த்துக்கொண்டு எங்கள் மாடி அறையைக் காலி செய்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, எங்கள் வாடிக்கையாளரான ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து புகார்க் கடிதம் வந்தது.

ஆஸ்பத்திரி வெப்சைட்டில் ஒரு பக்கத்தை அவள் கட்டியிருந்தாள். இன்று எந்த டாக்டர், எத்தனை மணிக்கு என்று காட்டும் பக்கம். அது சட்டென்று திறக்கவேண்டும் என்பதற்காக என்னுடைய ஏழு வரித் துண்டு ஒன்றைப் போட்டிருந்தாள். அந்த ஏழு வரி செய்வது இதுதான்: ஒருவர் முன்பு பார்த்த பக்கத்தின் பிரதியை அவர் போனிலேயே வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை திறந்தால் அந்தப் பழைய பிரதியை உடனே காட்டிவிட்டு, புதியதைப் பின்னால் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைக்கும். அதற்கடுத்த முறை புதியது தெரியும். கட்டுரைகளுக்கு அருமையான ஏற்பாடு. டாக்டர் லீவு போட்ட நாளுக்கு ஆகாது. போன வாரத்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு அறுபது பேர் பூட்டிய அறைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். கண்ணில் கட்டுப்போட்ட ஒரு கிழவர் நாலு மணிநேரம் படியில் உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் கூட்டம். மேனேஜர், நான், அவள், எங்கள் குழுவில் இன்னும் நாலு பேர்.

“யார் இதை இங்க போடச் சொன்னது?” என்று மேனேஜர் கேட்டார்.

“சாரோட பக்கத்துல இருந்துதான் எடுத்தேன் சார்” என்று என்னைக் காட்டினாள். “எல்லாப் பக்கத்துக்கும் போடலாம்னு அதுல எழுதியிருக்கு.”

எழுதியிருந்தது. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருந்தது. ‘எல்லாப் பக்கத்துக்கும் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். யோசிக்கிறவர்கள் மெதுவான தளங்களைக் கட்டிக்கொண்டு அழட்டும்.’ எழுதிய அன்று கைதட்டல் அள்ளிய வரி.

“எங்க, காட்டுங்க பாப்போம்” என்றார் மேனேஜர். அவள் தன் லேப்டாப்பை எடுத்துவரப் போனாள்.

அவள் இடம் கடைசி வரிசையில் இருந்தது. போய்வர ஒரு நிமிடம் ஆகும். என் லேப்டாப் எனக்கு முன்னால் திறந்துதான் இருந்தது. என் பக்கத்திலிருந்த அந்த வரியைப் பிழை திருத்துகிற வேகத்தில் மாற்றினேன். ‘நாளுக்கு நாள் மாறும் தகவலுக்கு இதைப் போடாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டு போடுங்கள்.’ சேமித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் கதவருகே வந்துகொண்டிருந்தாள்.

அவள் திறந்தாள். பழைய வரிதான் வந்தது. என் பக்கத்திலும் அதே ஏழு வரி ஓடுகிறது, காலையில் அவள் பார்த்த பிரதி அவள் லேப்டாப்பிலேயே இருந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்.

“அது பழைய பிரதி” என்றேன். “என் பக்கத்துலயும் அதே ஏழு வரிதான் ஓடுது. நான் திருத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. ரீஃப்ரெஷ் பண்ணு.”

செய்தாள். புது வரி வந்தது. மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார், பிறகு சிரித்தார். “நீங்க போட்ட அதே ஏழு வரி உங்களுக்கே பழசைக் காட்டியிருக்கும்மா.” மற்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், பழசு ஒரு தடவைதான் வரும். அடுத்த தடவை திறந்தா புதுசு வந்தே ஆகணும். நான் இந்தப் பக்கத்தைத் தினமும் திறக்கறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி திருத்தியிருந்தா எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்.”

அந்த அறையில் அந்த ஏழு வரியை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர். அவள் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. என்னிடம் படித்தவர்களில் இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா?”

“அத்தான்” என்றாள் அவள். அலுவலகத்தில் அந்தச் சொல்லை அவள் அதுவரை சொன்னதேயில்லை.

“எப்பவும் அப்படி நடக்கும்னு சொல்ல முடியாது சார்” என்றேன்.

“ஆபீஸ்ல அத்தான் பொத்தான் எல்லாம் வேண்டாம்மா” என்றார் மேனேஜர். மறுபடியும் சிரிப்பு. சாயங்காலத்துக்குள் அவளிடம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போனபோது மாடியில் விளக்கு எரியவில்லை. தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மனைவி சொன்னாள். மனைவிக்குக் கம்ப்யூட்டர் என்றாலே எட்டிக்காய். எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“உங்க அந்த ஏழு வரி. மொதல் தடவை பழசு வருமாமே. ரெண்டாவது தடவை?”

சொல்லிக்கொடுக்கிறவனுக்கே உரிய மிதப்பு எனக்கு. “புதுசு” என்றேன்.

“எப்பவுமேவா?”

“எப்பவுமே. அதுக்குத்தானே அதை எழுதினதே.”

“அப்ப இன்னிக்கு ஆபீஸ்ல சொன்னது பொய்தானே. நாளைக்கு மேனேஜர்கிட்ட இதையே சொல்லிடுங்க. அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்.”

“பைத்தியமா உனக்கு? இத்தனை வருஷமா சம்பாதிச்ச பேரு. இன்னும் எவ்வளவோ பேர் படிக்கறாங்க. உன் தங்கச்சிக்கு வேற வேலை கிடைக்காமலா போயிடும்?”

அவள் கவிழ்த்து வைத்திருந்த போனை நிமிர்த்தினாள். அழைப்பு நாற்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டியாடி?”

“கேட்டேன்க்கா” என்றது போன். “நான்தான் சொன்னேனே, சொல்ல மாட்டார்னு. நீயும் கெளம்பி வா.”