ஏணிக்காரர் படங்களுக்கு நான் போட்ட வரிசை

மாலைநேரத் திரைப்பட வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான்: பேசாப்பட காலத்து நகைச்சுவை நடிகர் ஒருவரின் பதினான்கு படங்களையும் பார்த்து, சிறந்தது எது, கடைசி எது என்று வரிசைப்படுத்த வேண்டும். அவர் அறுபதுக்கு மேல் நடித்தாராம். அழியாமல் மிஞ்சியவை பதினான்கு. எல்லாப் படத்திலும் ஓர் ஏணி வரும் என்பதால் வகுப்பில் அவரை ஏணிக்காரர் என்றே சொல்வோம்.

"வரிசை மட்டும் போதாது. எந்த முறையில போட்டீங்கன்னு எழுதணும். முறை இல்லாத வரிசை வெறும் வாய்ச்சண்டை" என்றார் ஆசிரியை.

முறை என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. பகலில் நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். சட்டையைப் புரட்டி, தையல் விட்ட இடம், பொத்தான் கோணல், காலர் ஏற்ற இறக்கம் என்று பார்த்துத் தாளில் கோடு போடுவதுதான் பிழைப்பு. எது பிடிக்கிறது என்று கேட்டால் விழிப்பேன். எத்தனை என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆகவே சிரிப்பை எண்ணுவது என்று முடிவு செய்தேன். என் சிரிப்பை நானே எண்ணினால் சரியாக இருக்குமா என்று சந்தேகம் வந்தது. அதனால் அண்ணனின் சிரிப்பை எண்ணலாம் என்று எழுதினேன்.

அது பாதி உண்மை. மீதிப் பாதி, அண்ணன் சிரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் காலை, நெரிசல் நேரத்தில், பாலத்துக்குக் கீழே பச்சை விழுந்த பிறகும் அவன் வண்டியை எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். பின்னால் அத்தனை ஹாரன் சத்தம். நடத்துநர் தோளைத் தொட்டபோது "எடுக்கலாம், எடுக்கலாம்" என்றானாம். எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சண்டை இல்லை, சாவு இல்லை. அப்பா அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒன்றும் நடக்கவில்லை என்பதைத்தான் யாரும் நம்ப மறுத்தார்கள்.

டாக்டர் அம்மா மாத்திரை எழுதிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அட்டையை அவர் கையில குடுக்காதீங்க. பூட்டி வைங்க. நீங்களே ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்து, முழுங்குற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. ஒரு தகர டப்பா வாங்கி, பூட்டுப் போட்டு, அலமாரி மேல் வைத்தேன். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் மாத்திரையை நீட்டியபோது, "நாக்கையும் தூக்கிக் காட்டவா, இன்ஸ்பெக்டர்?" என்றான். தரம் பார்க்கும் வேலையில் நான் சேர்ந்த நாளிலிருந்து அவன் எனக்கு வைத்த பெயர் அது. முன்பெல்லாம் அதைச் சொல்லும்போது கண்ணைச் சிமிட்டுவான்.

சனி, ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் படம். எங்கள் வீட்டுக்கூடத்தில் ஒரு சோபா, ஒரு பழைய தொலைக்காட்சி, அதன் கீழே வட்டு ஓட்டும் பெட்டி. பெட்டியின் நெற்றியில் நிமிடமும் விநாடியும் சிவப்பு எண்களாக ஓடும். ஒவ்வொரு படத்தையும் முந்தைய வாரமே வகுப்பு நூலகத்தில் நான் தனியாகப் பார்த்துவிடுவேன். நோட்டில் நான்கு கட்டங்கள்: நேரம், என்ன நடக்கிறது, நான், அண்ணன். சிரிப்பு வரும் இடத்தின் நேரத்தை முன்கூட்டியே எழுதி, 'நான்' கட்டத்தில் ஒரு டிக் போட்டிருப்பேன். வீட்டில் பார்க்கும்போது அண்ணன் சிரித்தால் அவன் கட்டத்திலும் டிக். நோட்டு தொலைக்காட்சி மேசையிலேயே கிடக்கும்.

முதல் மூன்று படங்களில் அவன் கட்டம் முழுக்க வெள்ளை. ஏணிக்காரர் கூரையிலிருந்து விழுந்தார், தண்டவாளத்தில் விழுந்தார், ஒரு கல்யாண கேக்கின் நடுவில் விழுந்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவது, தண்ணீர்த் தொட்டிப் படம். மாடியில் தொட்டி கழுவ ஏறியிருக்கிறார். கீழே போகிறவர்கள் ஒவ்வொருவராக, தங்களுக்கு ஒரு நிமிட வேலை என்று அவருடைய ஏணியை எடுத்துப் போகிறார்கள். மூன்றாவது ஆளும் எடுத்துப் போனபோது, பக்கத்தில் 'ஹ' என்று ஒரு சத்தம். திரும்பினேன். அண்ணன் சிரித்திருந்தான்.

அவசரத்தில் டிக் கோணலாக விழுந்தது.

அன்று அவனுக்குத் தெரியாமல் சமையலறையில் நின்று அழுதேன். ஐந்தாவது படத்தில் நான்கு டிக். எட்டாவதில் ஏழு. சிரித்துவிட்டு, "இவன் ஏணியை இவனே சங்கிலி போட்டுக் கட்டக் கூடாதா?" என்று பேச்சு வேறு. ஒன்பதாவது படத்தின்போது முகச்சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தான்.

நோட்டை டாக்டர் அம்மாவிடம் கொண்டுபோனேன். கட்டங்களைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். "இப்படி யாரும் எனக்கு ரிப்போர்ட் கொண்டு வந்ததில்லை. தூக்கம்?"

"தூங்குறான்."

"சாப்பாடு?"

"தட்டுல மிச்சம் வைக்கிறதில்ல."

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மாத்திரையை அவர்கிட்டயே குடுத்துடலாம். வேலைக்குப் போக கடிதமும் தர்றேன். எவ்வளவு நாள்தான் நீங்களும் காவல் காப்பீங்க?"

அண்ணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

பதினான்கும் முடிந்தபோது இரண்டு படங்களிடையே சிக்கல். அவன் முதலில் சிரித்த படம் என்பதால் இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்த தொட்டிப் படத்துக்கு ஒன்பது டிக், ஆட்டுப் படத்துக்கும் ஒன்பது. யாராக இருந்தாலும் ஏதாவது ஒன்றை மேலே போட்டிருப்பார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. ஆட்டுப் படத்தையும் இன்னொரு தடவை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். நூலகத்தில் அந்த வட்டை வேறு மாணவர் எடுத்துப் போயிருந்தார். "வேற பிரதி இருக்கு, பரவாயில்லையா?" என்றார் நூலகர். அதே படம்தானே என்று வாங்கி வந்தேன். பழைய உறையில் ஐம்பத்திரண்டு நிமிடம் என்று இருந்தது, இதில் அறுபத்து நான்கு. கூடுதல் காட்சிகள் இருக்கும்போல என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரமே ஆசிரியை சொல்லித் தந்த பாடம் அது. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள், ஆகவே எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, பிரதிக்குப் பிரதி வேகமும் நீளமும் மாறும் என்றார். நான் அதைக் குறிப்பெடுத்து அடிக்கோடும் போட்டிருக்கிறேன். போட்டு என்ன பயன்?

ஞாயிறு மூன்று மணி. வாடகை அறையில் ஏணிக்காரர் ஓர் ஆட்டை ஒளித்து வைத்திருக்கிறார். வீட்டுக்காரம்மா மோப்பம் பிடிக்கிறாள். எல்லாம் கொஞ்சம் மெதுவாக நடப்பதுபோல் இருந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, செத்துப்போன கணவனின் கோட்டுக்குப் பொத்தான் தைக்கிறாள். ஊசியை விட்டுவிட்டுக் கோட்டை முகத்தில் வைத்துக்கொள்கிறாள்.

அண்ணன் சிரித்தான்.

நல்ல சிரிப்பு, தோள் குலுங்கியது. நோட்டைப் பார்த்தேன். 11.20, ஜன்னல் வழியாக ஏணி நுழைகிறது, நுனியில் ஆடு. பெட்டியில் சிவப்பு எண்கள் 11.22. படத்தில் அந்த அம்மா இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்து வருவதை நினைத்துச் சிரிக்கிறான், முன்பே பார்த்த படம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினான்காம் நிமிடத்தை நெருங்கும்போது ஏணி ஜன்னல் வழியாக வந்தது. ஆடு நுனியில் நின்று அந்த அம்மாவின் தொப்பியைத் தின்றது. அண்ணன் அசையவில்லை. 17.05க்குச் சிரித்தான். அப்போது திரையில் வசனம் எழுதிய அட்டை மட்டும் இருந்தது.

மூன்றாவது டிக் வரும் நேரத்தில் நான் படத்தைப் பார்க்கவில்லை, அவன் கண்ணைப் பார்த்தேன். அது திரைக்குக் கீழே, சிவப்பு எண்களின் மேல் இருந்தது.

அடுத்த டிக் 23.40. இருந்தும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. 23.36இல் படத்தை நிறுத்தினேன். எண்கள் நின்றன. மனதுக்குள் முப்பது எண்ணினேன். அவன் காத்திருந்தான். வாய் பாதி திறந்து, சிரிப்புக்குத் தயாராக இருந்தது. நான் எண்ணி முடிக்கும்வரை அதை அப்படியே வைத்திருந்தான்.

தொலைக்காட்சியை அணைத்தேன்.

"அந்த நோட்டை எத்தனை நாளாப் படிக்கிறே?"

"மேசையிலதானே வச்சுட்டுப் போறே. உன் கையெழுத்து அழகா இருக்கு."

"அண்ணா."

"நாலாவது படத்துலேர்ந்து" என்றான். "டிரிப் ஷீட்டு மாதிரிதான். எத்தனை மணிக்கு எந்த ஸ்டாப்புன்னு தெரிஞ்சாப் போதும். பதினோரு வருஷம் அதைத்தானே பண்ணினேன்."

"ஒரு எடத்துல கூட நெஜமாச் சிரிக்கலையா?"

அவன் யோசித்தான். என்னை ஏமாற்ற யோசிக்கவில்லை, உண்மையாகவே தேடிப் பார்த்தான். "சிரிக்க வேண்டிய எடம் எதுன்னு தெரியுது. ஸ்டாப்புல போய் நிக்கிறேன். எனக்குன்னு ஒரு வண்டியும் வரல."

"அப்புறம் எதுக்கு இத்தனை நடிப்பு? என் வகுப்புக்காகவா?"

"அதுவும்தான். நீ அந்த டிக்கைப் போடுறப்போ உன் மூஞ்சியப் பாக்கணுமே." அலமாரி மேல் இருந்த டப்பாவை நிமிர்ந்து பார்த்தான். "சாவி என் கையில வந்தா உனக்கும் ஒரு வேலை கொறையும்."

நான் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "கையில குடுத்தா, ஒவ்வொண்ணாத்தான் போடுவேன்னு சொல்லு. சொல்லிடு, இந்த நிமிஷமே குடுத்துடறேன்."

பொய் சொல்லியிருக்கலாம். ஏழு வாரம் பொய்யாகச் சிரித்தவன் ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், அப்படி நம்பத் துடித்தேன். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிற்று. அவன் பதில் சொல்லவில்லை.

பிறகு கேட்டான். "செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லணும்."

"உள்ள போட்டுடுவாங்க."

"தெரியும்."

"நீ எனக்குத் தங்கச்சியா, இன்ஸ்பெக்டரா?"

நான் எழுந்து வட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து உறையில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சொன்னேன். அவன் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். முதுகுக்குப் பின்னால் சொல்வது அதைவிடக் கேவலம் என்று பட்டது. இப்போது அதுவும் சரியா என்று தெரியவில்லை. டாக்டர் அம்மா நோட்டைப் புரட்டவில்லை, மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். வார்டில் அவனுடைய பெல்ட்டையும் பணப்பையையும் ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். "ஏதாவது வேணுமா?" என்றேன்.

"நோட்டைக் கொண்டு வராதே."

வியாழக்கிழமை வகுப்பில் எல்லோரும் வரிசையைப் படித்தார்கள். ஆட்டுப் படத்துக்காக ஒரே அடிதடி. என் முறை வந்தபோது, வரிசை இல்லை என்றேன். "முறை தப்பாயிடுச்சு, மேடம்."

"அண்ணன் கட்டம் போகட்டும், 'நான்'னு ஒரு கட்டம் இருக்கே. அதை வச்சுப் போடலாமே" என்றார் ஆசிரியை, என் தோளுக்கு மேலாக நோட்டைப் பார்த்து.

பார்த்தேன். பதினான்கு படம், நூற்றுக்கும் மேல் டிக், எல்லாம் ஒரே அளவு, ஒரே சாய்வு. சிரிப்பு வர வேண்டிய இடம் என்று போட்டவை. நூலகத்தில் பின்னணி இசைக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து அவற்றைப் போட்டபோது ஒரு தடவையாவது எனக்குச் சிரிப்பு வந்ததா? நினைவு இல்லை. சட்டைக்குப் போடுவதுபோல் போட்டிருக்கிறேன். அண்ணன் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

ஞாயிறு மூன்றிலிருந்து நான்குவரை பார்வை நேரம். கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர் தன் அக்காவிடம் சோப்பு மாற்றிக் கொண்டுவந்ததற்காகக் கத்திக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அவன் திரும்பாமலே கேட்டான்.

"மணி என்ன?"

"வாட்ச் கட்டிட்டு வரல."

அவன் மெதுவாகத் திரும்பினான். ஐந்து நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்தான். "வாட்ச் இல்லாம இன்ஸ்பெக்டரா?"

அவன் வாயோரம் லேசாக அசைந்தது. நான் அவசரமாகக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டேன். அது தானாக வந்ததா, எனக்காகப் போட்டதா? கண்டுபிடிக்க என்னிடம் எந்த முறையும் இல்லை. கழுத்துக் கயிற்றில் அந்தச் சாவி இன்னும் கிடந்தது. நிமிர்ந்தபோது அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தான்.