கடை விளக்கில் ஒரு சந்து

மதியச் சங்கு ஊதி அடங்குவதற்குள் சாய லேப் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஷாபாஸ் உள்ளே வந்தான். கையில் பாலிதீன் சுற்றிய படம்.

"அக்கா, இதையும் உங்க படத்தோட மாட்டிருங்க. நாலு மணிக்கு மொதலாளி பாக்க வர்றாருங்களாம்."

செக்கிங் பிரிவில் தைத்த பனியன்களைப் புரட்டிப் பார்க்கிறவன். அவனும் வரைவான் என்பதே லேபில் வேலை பார்க்கும் ஜெயசுதாவுக்குப் போன மாதம்தான் தெரியும். கம்பெனியின் புது ஆபீஸ் கூடத்தில் மாட்ட, கம்பெனி இருக்கும் மண்ணரைப் பகுதியைக் காட்டும் ஒரே ஒரு படத்துக்குப் போட்டி. அடியில் பித்தளைத் தகட்டில் வரைந்தவர் பெயர். அறிவிப்பு வந்த அன்றே அந்தத் தகடு தனக்குத்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பதினோரு வருடமாகச் சாயத் துணியின் நிறம் பார்க்கிற கண் அவளுடையது.

பாலிதீனைப் பிரித்தாள். தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

மண்ணரைச் சந்து, ஷிப்ட் முடிகிற நேரம். அதே சந்தின் நாற்பத்திரண்டு ஜன்னல்களையும் அவள் கம்பி கம்பியாக வரைந்திருந்தாள். இவன் ஒரு ஜன்னலைக்கூட ஒழுங்காக வரையவில்லை. காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி, ஈரச் சுவர், வாசலில் கழற்றிய செருப்புகள். அவ்வளவுதான். ஆனால் பார்த்ததும் அவளுக்குத் தும்மல் வரப் பார்த்தது. தினமும் அவள் நடக்கிற சந்து. அது எப்படி இவனுக்கு மட்டும் அகப்பட்டது?

லேபில் ஒரே துணியை மூன்று விளக்குகளில் பார்ப்பார்கள். பகலில் சரியாகத் தெரியும் நிறம், வெளிநாட்டுக் கடைகளில் எரிகிற மாதிரியான மஞ்சள் விளக்கில் வேறாகிவிடும். ஷாபாஸின் சாம்பல் நிறத்துக்குள் சிவப்பு ஒளிந்திருப்பதை அவள் கண்டுகொண்டாள். தன் படத்தை ஜன்னலோரம் மாட்டினாள். அவனுடையதை உள்சுவரில், மஞ்சள் கடை விளக்குக்கு நேர் கீழே. சாம்பல் முழுக்கச் செங்கல் தூளாக மாறியது. நிம்மதியாக டீ குடித்தாள்.

முதலாளி ரத்தினசாமி வந்தார். ஜன்னலோரப் படத்தைப் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். உள்சுவர் பக்கம் திரும்பியவர் அங்கேயே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சந்தில், குண்டு பல்புக்குக் கீழே, பதினாறு வருடம் டெய்லராக உட்கார்ந்தவர் அவர். அந்தப் பல்பு வெளிச்சம்தான் இது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தகடு ஷாபாஸுக்கு என்று முடிவானது. எந்த விளக்கில் இந்தப் படம் எழுந்து நிற்கும் என்று தெரிந்து மாட்டிய ஜெயசுதாவுக்கும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

ஷாபாஸின் கண் கலங்கியிருந்தது. போட்டியில் நிற்கிறபோது இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். ஆசைப்பட்ட பெயர் போயிற்று. கேட்காத இந்தப் பெயரைச் சுமக்க அவளால் முடியவில்லை.

"பெரிய மனசெல்லாம் இல்லீங்க தம்பி. உங்க படம் கெட்டுப் போகோணும்னுதானுங்க அங்க மாட்டுனேன்."