ஏழாவது வீடியோ

"ஃபேன நிறுத்திருங்க சாரா. காத்துச் சத்தம் மைக்ல விழுது" என்றார் ஜெபசிங்.

எர்ணாவூரில், மே மாதத்தில், தகரக் கூரை போட்ட கேட் ஆபீசில் ஃபேனை நிறுத்தச் சொல்கிற மனிதனுக்கு என்ன வியாதி என்று யாராவது டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவருக்கென்ன, சொல்லிவிட்டு எதிரே இருக்கிற ஏசி அறைக்குள் போய்விடுவார். நான் நிறுத்தினேன். கம்ப்யூட்டரில் புதிதாக ஏற்றியிருந்த ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டு அது என் திரையைப் படம்பிடிக்க ஆரம்பித்தது. மவுஸ் அம்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம். அம்பு எங்கே போனாலும் வட்டம் கூடவே வந்தது, வேலைக்காரி பின்னாலேயே சமையலறைக்குள் வருகிற வீட்டுக்காரி மாதிரி.

"வணக்கம். பொட்டி கேட்டாண்ட வந்தா இன்னா பண்ணணும்னு இன்னிக்குப் பாக்கப் போறோம்" என்று தொடங்கினேன். அவ்வளவுதான், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெபசிங் ஓடி வந்தார்.

"இன்னாவா? என்னம்மா இது! இத எங்க ஊர்ல உக்காந்து பொம்பளப் பிள்ளைங்க பாத்து வேல படிக்கணும். ரவுடிப் படம் மாதிரி பேசுதீங்க. நல்ல தமிழ்ல சொல்லுங்க."

எங்கள் யார்டு முதலாளியின் மருமகன் அவர். ஃபேக்டரிகளில் சரக்கு ஏற்றிச் சீல் வைத்த கன்டெய்னர்கள் இங்கே வந்து நின்று, முறை வந்ததும் ஹார்பருக்குப் போகும். அதைத்தான் நாங்கள் பொட்டி என்போம். உள்ளே வருகிற ஒவ்வொரு பொட்டியையும் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பதிகிறவள் நான். பதினோரு வருடமாக அதே நாற்காலி. மருமகன் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்ததும் அவர் கண்டுபிடித்த பெரிய உண்மை, இந்த வேலையைத் தெற்கே அவருடைய ஊரில் நான்கு பெண்கள் பாதிச் சம்பளத்தில் கேமரா பார்த்தே செய்துவிடலாம் என்பது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பினால் செலவு. அதனால் நான் வேலை செய்வதைத் திரையோடு படம்பிடித்துப் பன்னிரண்டு வீடியோவாகத் தர வேண்டும். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் விளக்கம் சொல்லிக்கொண்டே.

"வீடியோ நல்லா வந்தா ஒங்கள இங்கயே சூப்பர்வைசரா வச்சிக்கிடலாம். பாப்போம்" என்றார்.

பாப்போம் என்று சொன்ன எவனும் இதுவரை எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சாவியோ ஹார்பரில் விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். ராயபுரத்தில் எங்கள் வீட்டு அடுப்பு இந்த நாற்காலியால்தான் எரிகிறது. நாற்காலி போனால் வேறு வழி இல்லை.

எடுத்தேன். ஒரு வீடியோவுக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. பாதியில் ட்ரெய்லர்காரன் ஹாரன் அடிப்பான், முதலிலிருந்து. திரையின் மூலையில் சாவியோவின் வாட்ஸப், 'கேஸ் வந்துச்சி, துட்டு எங்க வச்ச' என்று துள்ளி விழும், மறுபடி முதலிலிருந்து. வீடியோவுக்காகப் பொய்ப் பெயர் போட்டுப் பதியச் சொன்னார்கள். டிரைவர் பெயர் என்ற இடத்தில் செத்துப்போன என் மாமனார் இன்னாசியின் பெயரைப் போட்டேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷன், பன்னிரண்டு வீடியோவிலும் ட்ரெய்லர் ஓட்டினார். வியர்வை கீபோர்டில் சொட்டச் சொட்ட நான் ரேடியோக்காரி போலச் செந்தமிழ் பேசிப் பார்த்தேன். எனக்கே சகிக்கவில்லை. ஜெபசிங்குக்கும் திருப்தி இல்லை. கடைசியில் என் குரலைத் துடைத்தெடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் குரல் ஒன்றை ஒட்டினார். 'கொள்கலனின் எண்ணை உள்ளிடவும்' என்றது அது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கொள்கலன் என்று சொன்ன வாய் ஒன்றைக் காட்டட்டும், நான் வேலையை விட்டுவிடுகிறேன். என் கை வேண்டுமாம், என் வாய் வேண்டாமாம். போடா பேமானி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே, "நல்லா கீது சார்" என்றேன்.

ஏழாவது வீடியோ சீல் பற்றியது. பொட்டியின் கதவில் ஆணி போல ஒரு சீல் அடித்திருக்கும், அதில் ஒரு எண். டிரைவர் கொண்டுவரும் காகிதத்திலும் அதே எண் இருக்கும். திரையில் அதற்கு ஒரு கட்டம். காகிதத்தைப் பார்த்து எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் தீர்ந்தது. நாற்பது நொடி வீடியோ.

ஆனால் நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. காகிதத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்வேன். டிரைவரை வெறுங்கையோடு கதவுக்கு அனுப்புவேன். அங்கே இருக்கிற எண்ணை அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து ஜன்னலில் கையை விரித்துக் காட்ட வேண்டும். கையும் காகிதமும் ஒத்துப்போனால்தான் தட்டுவேன். ஃபேக்டரியில் சீல் வைத்த பிறகு நாலு அட்டைப்பெட்டி விட்டுப்போச்சு என்று வெட்டித் திறப்பார்கள். உள்ளே திணித்துப் புதுச் சீல் அடிப்பார்கள். காகிதத்தில் பழைய எண்ணே இருக்கும். மாதத்துக்கு இரண்டு பொட்டியாவது இப்படி வரும். கேட்டிலேயே பிடித்து, ஃபோன் போட்டு நாலு வார்த்தை திட்டி, காகிதத்தை மாற்றி வாங்கிவிடுவேன். பிடிக்காமல் விட்டால் ஹார்பர் கேட்டில் நிற்கும். வழியில் கதவைத் திறந்தது யார் என்ற கேள்வி டிரைவரின் கழுத்தில் வந்து விழும். காகிதத்தைக் கையில் விட்டால் கதவுப் பக்கமே போகாமல் அதைப் பார்த்து ஒப்பிக்கிற சோம்பேறிகள் இவர்கள். அதனால்தான் வெறுங்கை. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நானாக வைத்த வழக்கம். டிரைவர்களுக்கும் வாட்ச்மேன் மஜீது பாய்க்கும் தெரியும். ஏசி அறைக்குத் தெரியாது.

வீடியோவில் அதைச் சொல்லவில்லை. மறந்து அல்ல, தெரிந்தே. ஜெபசிங் திரையைப் படம்பிடிக்கச் சொன்னான், திரையில் இருப்பதைக் கொடுத்தேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தப்பு நடக்கட்டும், 'சாரா மேடம் வாங்க' என்று இந்த அரைவேக்காடு ஓடி வரட்டும் என்று காத்திருந்தேன். அவன் முகம் எப்படிப் போகும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஜூனில் கேட் கம்பத்தில் கேமரா வந்தது. டிரைவர் காகிதத்தை அதற்குக் காட்டுவான், எங்கோ ஒரு பெண் தட்டுவாள், கேட்டின் தடுப்புக் கட்டை மேலே போகும். என்னை மாதக் கடைசி வரை, 'எதாவது பிரச்சனன்னா பாத்துக்கிட' உட்கார வைத்திருந்தார்கள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று வாரமும், தப்பு நடக்கட்டும் என்று நான் வாய்விட்டு ஜெபம் செய்யாததுதான் குறை.

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ராணிப்பேட்டையிலிருந்து செருப்பு ஏற்றி வந்த பொட்டி, காகிதத்தில் ஒரு சீல் எண், கதவில் வேறு எண். எங்கள் கேட்டில் காகித எண் பதிவாகி உள்ளே வந்தது, வெளியே போனது, ஹார்பரில் மாட்டியது. எங்கள் பதிவுப்படி யார்டு வரைக்கும் சீல் சரி. அப்படியானால் இங்கிருந்து ஹார்பருக்குப் போகிற வழியில் கதவு திறந்திருக்கிறது. ஃபேக்டரி எழுத்தரைக் கேட்டால் தான் வைத்தது காகிதத்தில் உள்ள சீல்தான் என்று சத்தியம் பண்ணினான். கஸ்டம்ஸ் அதிகாரி வந்து திறந்து எண்ண இரண்டு நாள் ஆகும், கப்பலோ அன்றைக்கே. கப்பல் போனதற்குப் பழி சுமக்க ஒருவன் வேண்டும். டிரைவர் முப்பிடாதியின் லைசென்ஸையும் ஃபோனையும் வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் கேட்டோரம் பழைய டயர் மேல் உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதாகப் பேச்சு.

"யக்கா, நான் கதவத் தொடவே இல்லக்கா" என்றான் என்னைக் கண்டதும். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "இந்தத் தடவ கையில எழுதிட்டு வரச் சொல்லலியேக்கா. சொல்லியிருந்தா எழுதிட்டு வந்திருப்பம்லா. ஏன்க்கா சொல்லல?"

கேமரா வந்த பிறகு அது வேண்டாமாக்கும் என்று நினைத்துவிட்டானாம். மடையன். நான் சொன்னால்தான் செய்வானாமா? ஒரு பேனா, ஒரு கை, அவ்வளவுதானே! ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மஜீது பாய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னா சாராம்மா, நீ குந்திகினு இருந்தா இந்தப் பேஜாரு ஆயிருக்குமா? அந்த ஏசிக்காரனுக்கு இன்னா தெரியும், கஸ்மாலம்" என்றார். என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆபீசுக்குள் போய்விட்டேன்.

மத்தியானம் ஜெபசிங் வந்தார். நான் கனவு கண்ட மாதிரியே, 'சாரா மேடம்' என்றுதான் கூப்பிட்டார்.

"ஃபேக்டரி ஆளுங்க மூணு மணிக்குள்ள நம்ம நடைமுறைக்கு ப்ரூஃப் கேக்காங்க. அந்த ஏழாவது வீடியோவ அனுப்பணும். முடிவுல நீங்க ஒரு வரி சேத்துச் சொல்லிருங்க. பதினோரு வருசமா இதான் நடைமுறை, இதத் தவிர வேற ஒண்ணும் கெடையாதுன்னு. அவ்வளவுதான். நம்ம மேல பழி வராது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் மாமாகிட்ட பேசிட்டேன். சூப்பர்வைசர் சீட் ஒங்களுக்குத்தான். நாளைக்கே லெட்டர் அடிக்கச் சொல்லுதேன்."

"அந்தப் பையன் சார்?"

"டிரைவருக்கெல்லாம் வேற வண்டி கெடைக்கும். விடுங்க." கதவு வரை போய்த் திரும்பினார். "ஒங்க பாஷையிலயே சொல்லுங்க, என்ன? அப்பதான் நம்புவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. செருப்பைக் கழற்றி அந்தச் சிரிப்பையும் சேர்த்து அவன் முகத்தில் அடித்திருக்கலாம். போன மாதம் ரவுடிப் படமாக இருந்த பாஷை இன்றைக்குப் பொய்க்குச் சாட்சி சொல்ல உத்தமமாகிவிட்டது. ஆனால் யாரைத் திட்டுவது? அவன் கேட்கிற பொய்யில் முக்கால்வாசியை நான் ஏற்கெனவே எடுத்துக் கொடுத்திருந்தேன், ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்து விறுவிறுத்து. அவனாவது தெரியாத முட்டாள். நான் தெரிந்தே அயோக்கியத்தனம் பண்ணியவள். சாவியோவின் மாத்திரைச் சீட்டு பர்ஸில் இருந்தது. அந்த லெட்டர் வந்தால் எவ்வளவு நிம்மதி என்று ஒரு நிமிடம் முழுசாக நினைத்துப் பார்த்தேன். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன்தான்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மூன்று, இரண்டு, ஒன்று.

"வணக்கம். என் பேரு சாரா. பதினோரு வருசமா இந்த ஜன்னலாண்ட குந்திகினு பொட்டி பதியறது நான்தான். இந்த ஏழாவது வீடியோல ஒண்ணு இல்ல. நான்தான் வுட்டேன். மறந்துட்டு இல்ல, வேணும்னே வுட்டேன். எஞ்சீட்டு போயிடும்னு வுட்டேன்." இருமிவிட்டுத் தொடர்ந்தேன். "இந்தக் கட்டத்துல நம்பரு அடிக்கிறதுக்கு மின்ன, பேப்பர டிரைவராண்ட இருந்து வாங்கி வச்சிக்கணும். அவன வெறுங்கையோட கதவாண்ட அனுப்பணும். அவன் நம்பரக் கையில எய்திகினு வந்து காட்டணும். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அடிக்கணும். எப்பவும் அப்டித்தான் பண்ணிகினு இருந்தேன். இந்தப் பையன நான் அனுப்பல. அவன் மேல தப்பு இல்ல."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜெபசிங் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, ஆச்சா என்பது போலத் தலையை ஆட்டினார்.

"தோ, அங்க பாருங்க, அங்க குந்திகினு கீறான் பாருங்க" என்று சொல்லி ஜன்னல் பக்கமாக மவுஸை நகர்த்தினேன். மஞ்சள் வட்டம் திரையின் வலது ஓரம் வரை போய் முட்டி நின்றுவிட்டது. ஜன்னல் அங்கிருந்து ஒரு முழத் தூரம்கூட இல்லை. நான் மவுஸை இழுத்துக்கொண்டே போனேன். மேஜை முடிகிற இடம் வரை இழுத்தேன். அம்பு அசையவில்லை. வெளியே டயர் மேல் முப்பிடாதி தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, அதில் ஒன்றும் எழுதாததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.