தலைகீழ் வீட்டில் ஒரு சனிக்கிழமை

துளசியைத் தலைகீழ் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னவன் அவளுடைய அப்பா கோகிலன்தான். மேசை, கட்டில், அடுப்பு எல்லாம் கூரையிலிருந்து தொங்குகிற ஒரு காட்சிக்கூடம் அது. உள்ளே நின்று படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் நாம்தான் கூரையில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். வகுப்பில் எல்லாரும் போய்விட்டு வந்துவிட்டார்கள் என்று துளசி நச்சரித்ததில், இந்தப் பள்ளி விடுமுறையில் கட்டாயம் போகலாம் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். விடுமுறை தொடங்குவதற்கு முந்திய நாள், ஜுருவில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில், தீவுக்கு வரும் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி இடித்துத் தள்ளியது. அதன்பின் அவன் கண் திறக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பிள்ளைகளை விடுவதில்லை. அவன் மனைவி சுபாஷினி பகலெல்லாம் அந்த வாசலிலேயே கிடந்தாள். ஜெலுத்தோங்கில் இருந்த அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில் துளசியைப் பார்த்துக்கொள்வதற்காக, சுபாஷினியின் தங்கை ஷர்மினி சுங்கை பாக்காப்பிலிருந்து வந்து தங்கியிருந்தாள். அப்பா தூங்குகிறார், மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள் என்றே குழந்தையிடம் எல்லாரும் சொல்லிவந்தார்கள். துளசி அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. தட்டில் வைத்த சோற்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவாள்.

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, அந்த இடத்துக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போ, கொஞ்ச நேரமாவது பிள்ளை பிள்ளையாக இருக்கட்டும் என்று சுபாஷினி தங்கையிடம் சொன்னாள். ஷர்மினிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அங்கே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக் கொடுத்தவள் ஹுஸ்னா என்ற இளம்பெண். இப்படிக் காலைத் தூக்கு, அப்படிக் கையை நீட்டு என்று மலாயில் கலகலப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் அறையில் துளசி விறைப்பாகத்தான் நின்றாள். கைப்பேசியைத் திருப்பிப் படத்தைக் காட்டியதும், தான் கூரையில் கிடப்பதைப் பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

சமையலறைக் காட்சிக்குப் போனபோது ஷர்மினியின் கைப்பேசி அடித்தது. சுவரோரம் ஒதுங்கி எடுத்தாள்.

“ஷர்மி, அவரு போயிட்டாரு,” என்றாள் சுபாஷினி. குரலில் ஈரமே இல்லை. “பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிடாத. நான்தான் சொல்லணும். வீட்டுல எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டுக் கூப்பிடுறேன், அப்ப கூட்டிட்டு வா.”

சரிக்கா என்று சொன்னது மட்டும்தான் ஷர்மினிக்கு நினைவிருந்தது. திரும்பியபோது துளசி தொங்குகிற அடுப்பைப் பிடிக்க எம்பிக்கொண்டிருந்தாள்.

குளியலறைக் காட்சியில் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று ஹுஸ்னா விடவில்லை. தொட்டியிலிருந்து விழப்போவது போலக் கைகளை விரித்து, கத்துவது போல வாயைத் திறக்கச் சொன்னாள். ஷர்மினி திறந்தாள். உண்மையாகவே கத்திவிடுவோமோ என்று பயமாக இருந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்துத் துளசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; அவள் சிரித்ததால் ஷர்மினியும் சிரித்தாள்.

வெளியே வந்ததும் கடைகளின் முன்நடையில் நின்று துளசி படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எதை அப்பாவுக்கு முதலில் காட்டலாம் என்று யோசித்தாள். கடைசிப் படம் வந்தபோது தள்ளாமல் நின்றாள். வெகுநேரம் அதில் கத்துவது போல வாயைத் திறந்திருந்த சித்தியின் முகத்தையே பார்த்தாள்.

“சித்தி, அம்மாதான போன் பண்ணாங்க?”

“ஆமா.”

“அப்பா செத்துட்டாரா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அக்கா கேட்டது அது ஒன்றுதான். ஆனால் இத்தனை நாள் தூங்குகிறார், தூங்குகிறார் என்று சொன்ன அதே வாயால் இன்னும் ஒரு பொய் சொல்ல ஷர்மினியால் ஆகவில்லை. குனிந்து, குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாடா.”

துளசி உடனே அழவில்லை. “அப்ப நான் சிரிச்சிக்கிட்டா இருந்தேன்?” என்று கேட்டாள்.

“உனக்குத் தெரியாதுல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே நானும் சிரிச்சேன்.”

அதன்பிறகுதான் துளசி தரையில் உட்கார்ந்தாள். அழுகை முதலில் சத்தமில்லாமல் வந்தது, பிறகு நிற்கவே இல்லை. கடந்துபோனவர்கள் ஏதோ வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளை என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுப்பயணி புன்னகைத்து விட்டுப் போனார்.

வீட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். சுபாஷினி மகளைக் கட்டிக்கொண்டு பேச வாயெடுத்தாள். “எனக்குத் தெரியும்மா,” என்றாள் துளசி. சுபாஷினி மகளின் தலைக்கு மேலே தங்கையைப் பார்த்தாள்.

சுடுகாட்டில் காடேற்றிவிட்டு எல்லாரும் வந்த பிறகு, சமையற்கட்டில் இருவரும் தனியாக இருக்கும்போதுதான் சுபாஷினி பேசினாள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, மகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி வைத்திருந்தாளாம்.

“அது ஒண்ணுதான் உன்கிட்ட கேட்டேன். என் பிள்ளைய நடுரோட்டுல உக்காந்து அழ வெச்சிட்ட.”

கருமாதி முடிந்ததும் ஷர்மினி சுங்கை பாக்காப்புக்குத் திரும்பிவிட்டாள். அக்காவை அழைத்தால், ம் என்ற ஒரு சொல்லோடு கைப்பேசி துளசியின் கைக்குப் போய்விடும். துளசி பள்ளியைப் பற்றிச் சொல்வாள், புது டீச்சரைப் பற்றிச் சொல்வாள். ஒருநாள் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சித்தி, நான் அன்னைக்குக் கேட்டதாலதான அம்மா உங்ககூடப் பேச மாட்டேங்கிறாங்க?”

இல்லைடா, அதெல்லாம் இல்லை, உன்மேல் ஒன்றும் இல்லை என்று ஷர்மினி திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுமுனையில் பின்னால் எங்கோ சுபாஷினி சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. துளசி மெதுவாக, “வெச்சிடுறேன் சித்தி,” என்றாள்.