புகழ்வேந்தன் சூடத்தை அணைக்காத எபிசோடு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் சபுராக்கா. பதில் சொல்ல வேண்டியவள் நான். சொல்லாமல் வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவர்கள் பதிலிலிருந்து தப்பிக்க வழக்கமாகச் செய்வது இதுதான்.

என் பெயர் கல்பனா. வில்லியனூரில் ஒரு கேபிள் சேனலுக்கு வாராவாரம் ஒரு வழக்கு எழுதிக் கொடுக்கிறேன். எல்லாம் கற்பனை வழக்கு. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் நீதிமன்றம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நீதிபதி. கூண்டு தெர்மாகோல், சாய்ந்தால் போச்சு. எதிரே ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் நேயர்கள் ஐந்து பேர். அவர்கள்தான் ஜூரி.

நம் நீதிமன்றங்களில் ஜூரி ஒழிந்து காலம் எவ்வளவோ ஆகிவிட்டது. தயாரிப்பாளர் சிவப்பிரகாசத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வெளிநாட்டுத் தொடர்களில் பார்த்திருக்கிறார், அவருக்கு அது வேண்டும். ஐவரும் கை தூக்கித் தீர்ப்புச் சொன்னதும் கடைசிக் காட்சி வரும்: 'உண்மையில் நடந்தது.' அதையும் நான்தான் எழுதவேண்டும். நான் எழுதினால் அது உண்மை. மேல்முறையீடு கிடையாது.

2

தொடக்கங்கள் சில, கைவிட்டவை:

'சுத்துக்கேணிக் கரும்புக் கொல்லைகளின் மேல் மாலை வெயில்...' (வெயிலில் தொடங்கினால் எனக்குச் சொல்ல விஷயம் அகப்படவில்லை என்று அர்த்தம்.)

'சபுரா ஒரு தாய்.' (அடித்துவிட்டேன். தாய் என்று எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் யோசிக்கமாட்டார்கள், நானும்தான்.)

'மோட்டார் காணாமல் போன அன்று...' இது பரவாயில்லை. ஆனால் எந்த மோட்டார்? இதில் இரண்டு இருக்கின்றன.

முதல் மோட்டார் நான் எழுதியது. மாரி என்பவன் பக்கத்துக் கொல்லையின் போர்வெல் மோட்டாரைத் திருடினான் என்று வழக்கு. மோட்டார் திருட்டு நம் பக்கத்தில் அன்றாடம் நடப்பது, யாரையும் குத்தாது என்று நம்பித்தான் எடுத்தேன். மாரியாக நடித்தவர் புகழ்வேந்தன், பாகூரில் லோடு ஆட்டோ ஓட்டுபவர்.

இரண்டாவது மோட்டார் நிஜம். நான் எழுதிக் கொடுத்த பிறகு, விவசாயி தங்கவேலின் கொட்டகையிலிருந்து போனது. அன்று சாயங்காலம் அங்கே ஃபைசலின் பைக் நின்றதாக ஒருவர் சொன்னார். ஃபைசல் சபுராக்காவின் மகன், செல்போன் கடையில் வேலை. பெட்ரோல் தீர்ந்து நின்றதாகச் சொன்னான். தங்கவேல் போலீசுக்குப் போகவில்லை. "நாலு பேரு முன்னாடி குர்ஆன் மேல கை வெச்சி எடுக்கலன்னு சொல்லட்டும், வுட்டுடறேன்" என்றார். சபுராக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு மோட்டாருக்காகலாம் குர்ஆன எடுத்தாரமாட்டோம்" என்று அந்தக் கடைவாசலில் நின்று சொல்லிவிட்டார். தெருவுக்கு அதற்குமேல் சாட்சியே தேவைப்படவில்லை.

ஜூரிக்கு வருவதாக சபுராக்கா அதற்கு முன்பே சிவப்பிரகாசத்திடம் சொல்லியிருந்தார். என்ன வழக்கு என்று ஜூரிக்கு முன்கூட்டிச் சொல்லும் வழக்கமில்லை. நாற்காலியில் அவரைப் பார்த்ததும் ஓடிப்போய், வேண்டாம் என்றால் போய்விடலாம் என்றேன்.

"வராம போனா அதுக்கும் ஒரு பேச்சு பேசுவாங்க. நீ போ" என்றார்.

3

படப்பிடிப்பு. சாட்சி ஒருவர், கொட்டகைப் பக்கம் மாரியின் பைக்கைப் பார்த்தேன் என்றார். இன்னொருவர் இருட்டு, பைக் மட்டும் தெரிந்தது என்றார். எல்லாம், அந்த பைக் உட்பட, நிஜ மோட்டார் போவதற்கு முன்பே நான் எழுதியபடி, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி.

எழுதாதது அதன் பிறகு நடந்தது. ஜூரியில் இருந்த ஆண்டாள் மைக்கை வாங்கினார்.

"எதுக்குங்க இவ்ளோ பேச்சு? சூடத்த ஏத்துங்க. அணைச்சி சத்தியம் பண்ணட்டும்."

சபுராக்கா தவிர மற்ற மூவரும் சரிதானே என்றார்கள். நாம் எத்தனை சீரியல் பார்த்தாலும் வழக்கு என்றதும் கை சூடத்துக்குத்தான் போகிறது. நீதிபதி என்னைப் பார்த்தார். நான் சிவப்பிரகாசத்தைப் பார்த்தேன். அவர் கேமராவை ஓடவிடச் சொல்லிவிட்டு, மண்டபத்துப் பிள்ளையாரிடமிருந்து தட்டைக் கொண்டுவரச் செய்தார்.

சூடம் எரிந்தது. புகழ்வேந்தன் கையை உயர்த்தினார். அங்கேயே நிறுத்தினார்.

"மேடம், மாரி எடுத்தானா இல்லயா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றேன்.

"அப்ப நான் எப்பிடி அணைக்கிறது? பேருதான் மாரி. கை என்னுதாச்சே. எனக்கும் புள்ளைங்க கீதுங்க."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சூடம் தானாக எரிந்து முடிந்தது.

(வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்குமா? நடிகனின் மனசாட்சி பாத்திரத்தின் குற்றத்துக்குச் சாட்சியாகிப்போனது.)

"பாத்தீங்களா" என்றார் ஆண்டாள். "எடுக்காதவனா இருந்தா டக்குனு அணைச்சிருப்பான்."

நான்கு கைகள் உயர்ந்தன. சபுராக்காவின் கை மடியிலேயே இருந்தது.

"அவரு யோசிச்சாரு. யோசிச்சதுக்கா கை தூக்கறீங்க?" என்றார். "சத்தியம் பண்ணாதவன்லாம் திருடன்னா, பண்ணவன்லாம் யாரு?"

ஆண்டாள் குரலை உயர்த்தவில்லை. "நீ அப்பிடித்தான்க்கா சொல்லுவ" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஃபைசலைத் தெரியும். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

4

இடையில் கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், வழக்கு அங்கேயேதான் இருக்கும்.

டிவி வழக்குகளில் சந்தேகம் ஒரு நல்ல குணம். ஒருவர் மட்டும் எழுந்து 'எனக்குச் சந்தேகமாயிருக்கிறது' என்பார். இசை மாறும். அந்த ஒருவர்தான் கடைசியில் சரி என்று நமக்கு அப்போதே தெரிந்துவிடும். ஏனென்றால் எழுதுகிறவள் ஆதாரத்தைத் தன் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். அங்கே சந்தேகம் என்பது வந்துசேர நேரமாகிற உண்மை, அவ்வளவுதான்.

ஆண்டாளைக் கெட்டவளாக எழுதிவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவரும் சந்தேகப்படத்தான் செய்தார், நமக்குப் பிடிக்காத பக்கமாக. தெருவில் சந்தேகத்துக்கு இசையும் கிடையாது, கடைசிக் காட்சியும் கிடையாது. சந்தேகம் சந்தேகமாகவே அரிசி வாங்கப் போகிறது, தொழுகைக்குப் போகிறது, கல்யாணப் பேச்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சிவப்பிரகாசம் காலையிலிருந்து போன் செய்கிறார். "நாலு பேரு திருடன்னுட்டாங்க. திருடன்னே முடிச்சிடு. அவுங்கள பொய்யாக்குனா அவுங்க தெருவே நம்ம சேனல பாக்காது." மாரி திருடன் என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானதும் ஃபைசல் திருடன். மாரி நல்லவன் என்று எழுதினால், கல்பனா சபுராவுக்கு வேண்டியவள், அப்படித்தான் எழுதுவாள்.

5

இனி அந்தக் கேள்வி. படப்பிடிப்பு முடிந்து மண்டப வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சபுராக்கா வந்து நின்றார்.

"நீ எழுதறவதான. சொல்லு. அந்தாளு எடுத்தானா இல்லயா?"

"இன்னும் எழுதலக்கா."

"எழுதலன்னா எடுக்கலன்னுதான அர்த்தம்?"

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

[அடுத்து வருவதை எழுதலாமா என்று மூன்று முறை அழித்துப் பார்த்தேன். பெயர்களை மாற்றிவிட்டேன். மாற்றினாலும் தெரிகிறவர்களுக்குத் தெரியும். இது இல்லாமல் முடித்தால் ஊரை எதிர்த்து நிற்கும் வீரத் தாய் ஒருத்தி கிடைப்பாள். நான் பார்த்தது அவளை இல்லை.]

"நான் அவன இன்னும் கேக்கல கல்பனா" என்றார்.

"எதக்கா?"

"எடுத்தியாடான்னு. ஒரு வார்த்த கேக்கல. சோறு போடறேன், சட்ட தொவைக்கிறேன், கேக்க மட்டும் வாய் வரல. குர்ஆன் வேணாம்னு சொன்னேன் இல்ல, அல்லாவுக்கு பயந்து சொன்னேன்னு எங்க வூட்டுக்காரருகூட நெனச்சிக்கினு கீறாரு. அவன் சட்டுனு கைய வெச்சிடுவானோன்னுதான் பயந்தேன்."

"வெச்சிருந்தா பிரச்சனை முடிஞ்சிருக்குமேக்கா?"

"எடுத்துட்டும் வெச்சிட்டான்னா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது.

"அந்த டிரைவரு கைய நிறுத்துனாரு பாரு" என்றார். "எம்புள்ளயும் நிறுத்துவானா, அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

6

முடிவுகள் என்று சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மாரி எடுக்கவில்லை, சாட்சி சொன்னவனே எடுத்தான். (மிகச் சுத்தமாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இன்னொன்று: மாரி எடுத்தான், வறுமை. (கைதட்டல் கிடைக்கும். ஃபைசல் கடைக்குப் போக முடியாது.)

இன்னும் ஒன்று: தங்கவேலின் மோட்டார் எங்கோ கிடைத்துவிடுகிறது. (அது நிஜ மோட்டார். அதை இழுத்துவர எனக்கு அதிகாரமில்லை. இருந்திருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பேன்.)

இப்போது திரையில் இருப்பது இவ்வளவுதான்: 'உண்மையில் நடந்தது. கொட்டகை. மாரி கதவைத் தள்ளுகிறான். உள்ளே'

உள்ளே என்பதற்குப் பிறகு விரல் ஓடவில்லை. சிவப்பிரகாசத்தின் போன் மறுபடி அடிக்கிறது. கடைசிக் காட்சி இல்லாமலே போடுங்கள் என்று சொல்லப்போகிறேன். அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறதா என்பது எனக்கே சந்தேகம். அவர் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளலாம். அது யாராக இருந்தாலும் ஒரு முடிவை எழுதித்தானே ஆகவேண்டும்?

அதனால் ஆறாவது நாற்காலியை உங்களுக்குப் போடுகிறேன். சாட்சிகளைக் கேட்டீர்கள். சூடம் தானாக எரிந்து முடிந்ததைப் பார்த்தீர்கள். ஜூரிக்குச் சொல்லக்கூடாததையும் நான் உளறிவிட்டேன். கை தூக்குவதும் தூக்காததும் உங்கள் இஷ்டம். அதற்கு முன் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சபுராக்கா வீட்டிலும் இந்த எபிசோடு ஓடும். தட்டில் சூடம் எரிகிற இடம் வரும்போது ஃபைசல் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அக்கா டிவியைப் பார்க்கமாட்டார். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.